‘பொழிப்புரை இருக்கு, ஆய்வு எங்கே?’ – மூன்று கட்டுரைக்கு வழி கேட்கிறேன்

குகை மாணவி:

வணக்கம்ங்க. இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்துக்கு மூன்று ஆய்வுக் கட்டுரை கொடுக்கணும், ஒவ்வொன்றும் 1500 சொல். முதலாவது குறுந்தொகை 40, ‘யாயும் ஞாயும்’ பாட்டு. இரண்டாவது நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘மந்திரி குமாரி’ (1950). அதில் வரும் மலையுச்சிக் காட்சியைக் குண்டலகேசிக் கதையோடு வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்காங்க. மூன்றாவது சேலத்துப் பேச்சு பற்றி, தலைப்பு நம்ம விருப்பம்.

முதல் கட்டுரையின் வரைவைக் காட்டினேன். ‘பொழிப்புரை இருக்கு, ஆய்வு எங்கே?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துட்டாங்க. என் தொடக்கம் இது:

‘சங்க இலக்கியம் தமிழரின் பண்பாட்டுக் கருவூலம் ஆகும். எட்டுத்தொகை நூல்களுள் ஒன்று குறுந்தொகை. இதில் செம்புலப்பெயனீரார் பாடிய பாடல் காதலின் சிறப்பை மிக அழகாக எடுத்துரைக்கிறது.’

இதில் தப்பு எதுவும் இல்லையே என்றுதான் தோணுது. பொழிப்புரைக்கும் ஆய்வுக்கும் நடுவில் கோடு எங்கே விழுது? படத்தைப் பற்றி எழுதும்போது கதை சொல்லாமல் எப்படி எழுதுறது? பேச்சுத் தமிழுக்கு எவ்வளவு நேரம் பதிவு பண்ணணும்? மூன்று வாரம் இருக்கு.


அஸ்தம்பட்டி தமிழாசிரியை:

தப்பு இல்லைம்மா, அதுதான் சிக்கல். அந்த மூன்று வாக்கியத்தையும் மறுக்க யாருமே வரமாட்டாங்க. மறுக்க இடமில்லாத வாக்கியத்துக்குச் சான்று தேவையில்லை, சான்று தேவையில்லாத இடத்தில் கட்டுரைக்கு வேலையில்லை. ஒரு சோதனை சொல்றேன். உன் வாக்கியத்தில் இந்தப் பாட்டின் பெயரை எடுத்துட்டு வேறொரு அகப்பாட்டின் பெயரைப் போட்டுப் பார். அப்பவும் வாக்கியம் நிற்குதுன்னா அதை அடிச்சிடு. உன் மூன்றாவது வாக்கியம் குறுந்தொகையில் எந்தப் பாட்டுக்கும் பொருந்தும்.

முதலில் பாட்டைக் கையால் எழுதிக்கோ. டைப் பண்ணாதே. ஐந்தே அடி:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

அடிக்கு அடி நாலு விரல் இடம் விட்டு எழுது. பிறகு சந்தி பிரி. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குறாங்க. ‘எம்முறை’ என்பதை ‘எங்கள் முறை’ என்று எடுத்துக்குறாங்க. அது ‘எ’ என்ற வினாவெழுத்து, ‘எந்த முறையில் உறவு?’ என்று பொருள். ‘யார்’, ‘எம்முறை’, ‘எவ்வழி’ என்று மூன்று அடியிலும் கேள்வி வருது. அதைத் தவறவிட்டால் பாட்டின் முதல் பாதி முழுக்கக் கேள்வி என்பதே தெரியாமல் போயிடும்.

அடுத்து, ஒவ்வொரு அடிக்குக் கீழேயும் ‘யார் பேசப்படுறாங்க, இது யாருடையது’ என்று மட்டும் குறி. ‘யாய்’ என்றால் என் தாய், ‘ஞாய்’ என்றால் உன் தாய். ‘எந்தை’ என் தந்தை, ‘நுந்தை’ உன் தந்தை. இன்றைக்கு நாம ‘என்’, ‘உன்’ என்று தனிச்சொல் போட்டுச் சொல்றதை அந்தத் தமிழ் சொல்லுக்குள்ளேயே வெச்சிருக்கு. அதனால் முதல் இரண்டு அடியிலும் உன்னுது, என்னுது என்ற வேலி ரொம்பக் கறாராக நிற்குது. மூன்றாவது அடியில் ‘யானும் நீயும்’ இன்னும் தனித்தனிதான், ஆனால் ‘அறிதும்’ என்ற வினைமுற்று தன்மைப் பன்மை. ‘நாம்’ என்பது அந்த வினையின் விகுதியில் முதல் தடவையாக எட்டிப் பார்க்குது. கடைசி அடியில் ‘நெஞ்சம்’. யாருடைய நெஞ்சம்? என் நெஞ்சம் என்றும் இல்லை, உன் நெஞ்சம் என்றும் இல்லை. நாலு தடவை உடைமை காட்டிய பாட்டு, காட்ட வேண்டிய இடத்தில் காட்டாமல் விட்டிருக்கு.

இதுவரைக்கும் நான் சொன்னது பாட்டின் கருத்து இல்லை, பாட்டு எப்படிச் செய்யப்பட்டிருக்கு என்பது. ‘நம் பெற்றோருக்குள் உறவில்லை, நமக்கும் முன்பழக்கம் இல்லை, ஆனாலும் நெஞ்சங்கள் கலந்தன’ என்பது பொழிப்புரை. ‘உடைமைச் சொற்கள் கடைசி அடியில் உதிர்கின்றன’ என்பது ஆய்வு தொடங்கும் இடம். நீ கேட்ட கோடு இங்கேதான் விழுது.

இன்னொரு இடமும் காட்டுறேன், ஏன்னா எல்லாரும் அங்கே ஒரே மாதிரி எழுதுவாங்க: ‘செம்மண்ணில் விழுந்த மழைநீரைப் பிரிக்க முடியாதது போல அவர்களையும் பிரிக்க முடியாது.’ பாட்டில் ‘பிரிக்க முடியாது’ எங்கே இருக்கு? ‘கலந்தன’ என்று மட்டும்தான் இருக்கு. பிரிவு என்ற பேச்சு பாட்டுக்குக் கீழே உள்ள கூற்றுக் குறிப்பிலிருந்து வருது. தலைவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுவதைக் கண்டு அவன் சொன்னது என்பது அந்தக் குறிப்பு. அது ஒரு பழைய வாசிப்பு, மதிப்புள்ள வாசிப்பு, ஆனால் பாட்டின் அடி அல்ல. ஏற்காடு அடிவாரத்தில் ஒரு பிடி செம்மண் எடுத்துக் கண்ணாடி டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வெச்சுப் பார். பரல் சட்டென்று அடியில் உட்கார்ந்திடும், நிறம் மட்டும் தண்ணீரில் வெகுநேரம் நிற்கும். கலப்பது ஒன்று, பிரியாதிருப்பது வேறொன்று. உவமை எதைச் சொல்லுது, குறிப்பு எதைக் கூட்டுது என்று பிரித்து எழுதினாலே 300 சொல் ஆகிடும்.

புலவரின் வாழ்க்கை வரலாற்றுக்குப் போகாதே. செம்புலப்பெயனீரார் என்ற பெயரே இந்த உவமையிலிருந்து வந்தது. அவரைப் பற்றி எழுத வேறெதுவும் இல்லை, இருப்பது போல எழுதினால் திருத்துபவர் உடனே கண்டுபிடிச்சிடுவார். திணைக்கும் ஒரு எச்சரிக்கை. முதல், கரு, உரி என்று பட்டியல் போட்டு நிரப்பாதே. இந்தப் பாட்டில் மலை இல்லை, குறிஞ்சிப் பூ இல்லை, யாமம் இல்லை. புணர்தல் என்ற உரிப்பொருளை வைத்துத்தான் குறிஞ்சி ஆச்சு. ‘ஒரு கருப்பொருளும் இல்லாமல் எப்படிக் குறிஞ்சி ஆகுது?’ என்று கேட்டால் திணை உனக்குப் பயன்படும். பட்டியல் போட்டால் பக்கம்தான் நிறையும்.

1500 சொல்லை இப்படிப் பங்கிடு: தொடக்கம் 120 சொல்லைத் தாண்டக் கூடாது, அதன் கடைசி வாக்கியம் உன் வாதமாக இருக்கணும். நடுவில் நாலு அல்லது ஐந்து பத்தி, பத்திக்கு 250 முதல் 300. உன் வாதத்துக்கு எதிராக ஒரு நல்ல வாசகர் என்ன சொல்வார் என்பதற்கு 150. மேற்கோள் எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்குக்குள் நிற்கட்டும். ஒரு அடியை மேற்கோள் காட்டினால், அந்த அடியில் உள்ள சொற்களைப் பற்றிக் குறைந்தது மூன்று வாக்கியம் எழுதாமல் அடுத்த அடிக்குப் போகாதே.


குகை மாணவி:

அக்கா, ரொம்ப நன்றி. இராத்திரியே எழுதிப் பார்த்தேன். வாதம் இப்படி வந்திருக்கு:

‘குறுந்தொகை 40இல் முதல் மூன்று அடிகள் என், உன் என்று பிரித்தே பேசுகின்றன. கடைசி அடியில் நெஞ்சம் என்ற சொல் ஒருமையிலும் கலந்தன என்ற வினை பன்மையிலும் வருகின்றன. இரண்டு நெஞ்சங்கள் ஒன்றாகிவிட்டதை இந்த ஒருமை காட்டுகிறது.’

சரியா இருக்கா?


அஞ்சுரோடு இலக்கணம்:

முதல் வாக்கியம் நன்றாக இருக்குங்க. இரண்டாவதும் மூன்றாவதும் நிற்காது. பார்த்தவுடன் கவரும் வாதம்தான், ஆனால் இலக்கணம் தெரிந்தவர் ஒரு வரியில் உடைத்துவிடுவார். ‘நெஞ்சம்’ பால்பகா அஃறிணைப் பெயர். பழந்தமிழில் அஃறிணைப் பெயர் ‘கள்’ இல்லாமலேயே ஒன்றுக்கும் வரும், பலவற்றுக்கும் வரும். ‘மரம் வீழ்ந்தது’ என்றால் ஒன்று, ‘மரம் வீழ்ந்தன’ என்றால் பல. எண்ணைச் சொல்வது வினைதான். ஆகவே இங்கே நெஞ்சம் ஒருமை என்று சொல்ல வழியில்லை. ‘தாம்’, ‘கலந்தன’ இரண்டும் பன்மை என்றே தெளிவாகச் சொல்கின்றன.

இன்னொன்றும் கவனியுங்க. பன்மையாக இருப்பதால் உங்கள் வாதம் பலவீனப்படாது, மாறும். இரண்டு நெஞ்சும் இரண்டாகவே இருக்கு, எது யாருடையது என்பதுதான் மறைந்திருக்கு. நீரும் மண்ணும் ஒரே பொருளாகிவிடுவதில்லை, எது எங்கே முடிகிறது என்று காட்ட முடியாமல் போகிறது. மேலே ஆசிரியை சொன்ன டம்ளரை இதோடு சேர்த்துப் பாருங்க.

‘தாம்’ என்ற சொல்லை விட்டுவிட்டீங்க. ‘தாமாகவே கலந்தன’ என்று எழுவாயே நெஞ்சமாகிறது. முதல் இரண்டு அடி பெற்றோர் பற்றியது, மூன்றாவது அடி காதலர் பற்றியது, ஐந்தாவது அடியில் வினை செய்வது மனிதர் யாரும் இல்லை. உயர்திணையில் தொடங்கி அஃறிணையில் முடிகிறது. யாரும் கலக்கவில்லை, கலந்தன. இதை உங்கள் மூன்றாவது பத்திக்கு வைத்துக்கொள்ளலாம்.

பழைய சொல்லுக்குப் பொருள் பார்க்கச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், இன்றைய சொல்லுக்கு க்ரியா அகராதி. இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தாதீங்க. உறவினர் என்று பொருள்படும் ‘கேளிர்’ என்பதை இன்றைய ‘கேள்’ என்ற வினையோடு முடிச்சுப் போட்ட கட்டுரைகள் வருவது இதனால்தான். லெக்சிகனை இணையத்திலேயே தேடலாம். குறுந்தொகைக்கு உ.வே.சா. பதிப்பு (1937) பதவுரை, விளக்கத்தோடு இருக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்க.


கன்னங்குறிச்சி:

படக் கட்டுரைக்கு நான் சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலத்து மாணவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸ் படத்தைப் பற்றி எழுதும்போது முதல் இரண்டு பக்கம் ஸ்டூடியோவின் வரலாறாகிவிடுகிறது. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கியது, ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் வளைவு, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956)... நம் ஊர்ப் பெருமை, எழுத ஆசை வருவது இயல்பு. ஆனால் உங்கள் கேள்வி ஒரு காட்சியைப் பற்றியது. எல்லிஸ் ஆர். டங்கன், டி.ஆர். சுந்தரம் இயக்கம், மு. கருணாநிதி வசனம், ஜி. ராமநாதன் இசை, 1950 என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு மலைக்கு ஏறுங்கள்.

மூலக்கதையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ‘குண்டலகேசிக் காப்பியத்தில் இக்காட்சி இவ்வாறு வருகிறது’ என்று எழுதிவிடாதீர்கள். குண்டலகேசி முழுதாகக் கிடைக்கவில்லை. நமக்கு வந்து சேர்ந்தவை 19 பாடல்கள், அவையும் பெரும்பாலும் நிலையாமையும் அறமும் பேசுபவை. கள்வனைக் காதலித்த பெண், அவன் அவளைக் கொல்ல மலைக்கு அழைத்துப் போனது, அவள் வலம்வருவதாகச் சொல்லி அவனைத் தள்ளியது, இதெல்லாம் நீலகேசி என்ற சமணக் காப்பியத்தின் உரை வழியாகவும் பாலி மொழியில் உள்ள பௌத்த உரைகள் வழியாகவும் நாம் அறிந்த கதை. ஆகவே ‘குண்டலகேசிக் கதை’ என்று எழுதுங்கள், ‘குண்டலகேசிக் காப்பியக் காட்சி’ என்று எழுதாதீர்கள். இந்த ஒரு சொல் வேறுபாட்டிலேயே நீங்கள் தேடிப் படித்திருக்கிறீர்கள் என்பது தெரியும்.

அந்த மூலங்களும் ஒன்றுபோல இல்லை. தமிழில் வழங்கும் கதையில் ஊடலின்போது அவள் அவனைக் கள்வன் என்று சொல்லிவிடுகிறாள், அந்தச் சொல் அவனைக் கொலைக்குத் தூண்டுகிறது. பாலி உரையில் அவன் குறி அவள் நகைகள். படத்தில் அவனுடைய நோக்கம் எந்தக் காட்சியில் முதலில் நமக்குத் தெரியவருகிறது என்று நிமிடக் கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள். அவளுக்கு முன்பே பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறதா, அவளோடு சேர்ந்து தெரிகிறதா என்பதைப் பொறுத்துப் பாட்டின் பொருளே மாறும்.

இன்னொரு வேறுபாடு அமைப்பில் இருக்கிறது. பழைய கதையில் மலை ஒரு தொடக்கம். அதற்குப் பிறகுதான் அவள் துறவியாகி, ஊர் ஊராகப் போய் வாதம் செய்து, கடைசியில் பௌத்தம் தழுவுகிறாள். படத்தில் அதே மலை முடிவுக்கு அருகில் வருகிறது. ஒரே நிகழ்ச்சி கதையின் இந்த முனையில் இருந்தால் என்ன பொருள், அந்த முனையில் இருந்தால் என்ன பொருள்? இதை வாதமாக எடுத்துக்கொண்டால் கதைச்சுருக்கம் தானாகவே குறைந்துவிடும். ஏனென்றால் எந்தப் பகுதியை ஏன் சொல்கிறோம் என்ற கணக்கு வந்துவிடும்.

இப்போது காட்சி. ‘வாராய் நீ வாராய்’ பாட்டையும் அதற்குப் பிறகு வரும் பேச்சையும் தள்ளலையும் ஒரே அலகாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை பாருங்கள்: ஒருமுறை சாதாரணமாக, ஒருமுறை ஒலியை முழுக்க அணைத்து, ஒருமுறை திரையைத் திருப்பி வைத்துக் காதால் மட்டும். ஒலியை அணைத்தால் யார் முன்னே நடக்கிறார், யார் ஃப்ரேமில் உயரத்தில் நிற்கிறார் என்பது தெரியும். காதால் மட்டும் கேட்டால் திருச்சி லோகநாதன், ஜிக்கி இருவர் குரலில் யார் எந்த இடத்தில் அழைக்கிறார், யார் பதில் சொல்கிறார் என்பது தெரியும். பிறகு ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள். நேரம், ஃப்ரேமில் யார், கேமரா எவ்வளவு கிட்டத்தில், என்ன ஒலி, என்ன சொல். ஒவ்வொரு ஷாட்டுக்கும், அதாவது வெட்டில்லாமல் ஓடும் ஒவ்வொரு துண்டுக்கும், ஒரு வரி. கட்டுரையில் இந்த அட்டவணை போகாது, அதிலிருந்து மூன்று ஷாட் மட்டும் போகும்.

எந்த மூன்று? ஒன்றை நான் சொல்கிறேன். கடைசியாக உங்களை மூன்று முறை வலம்வர வேண்டும் என்று அவள் கேட்கிறாள். வலம்வருவது வணங்கும் செயல், மனைவி கேட்டால் மறுக்க முடியாத கோரிக்கை. ஆனால் வலம்வரும்போது அவள் அவன் முதுகுக்குப் பின்னால் போயாக வேண்டும். வணக்கமும் கொலையும் ஒரே வட்டப்பாதையில் நடக்கின்றன. அவள் பின்னால் போகும் அந்த நொடியில் கேமரா யார் முகத்தைக் காட்டுகிறது? அவனோடு நிற்கிறதா, அவளோடு சுற்றுகிறதா, இருவரையும் விட்டு விலகித் தொலைவில் நிற்கிறதா? அட்டவணையில் அந்த வரிசையை மட்டும் நொடி நொடியாக நிரப்புங்கள். ‘இயக்குநர் அற்புதமாகப் படமாக்கியுள்ளார்’ என்று எழுத வேண்டிய தேவையே வராது.

சொல்லில் இரண்டு இடம் இருக்கிறது. மலை முடியில் ‘மோன நிலை’யைக் காணலாம் என்று அவன் பாடுகிறான். ‘மோனம்’ மௌனத்தின் தமிழ் வடிவம், தாயுமானவர் பாடல்களில் நிறைந்து கிடக்கும் சொல். அவள் காதுக்கு அது அமைதி, ஆன்மிகம். அவன் வாயில் அது சாவு. ஒரே சொல்லை இருவரும் வேறு வேறாகக் கேட்கும் இடம் இது, ஒரு முழுப் பத்தி தாங்கும். மற்றது ‘வாராய்’. செய்யாய் என்னும் வாய்பாடு பழைய இலக்கணத்தில் ‘செய்யமாட்டாய்’ என்ற எதிர்மறைக்கும் உரியது, ‘செய்’ என்ற ஏவலாகவும் வரும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. ‘வருவாயாக’ என்ற அழைப்புக்குள் ‘வரமாட்டாய்’ என்ற வடிவமும் ஒளிந்திருக்கிறது. ஆனால் இதை அளவோடு பயன்படுத்துங்கள். பாட்டில் அது அழைப்புதான், சூழல் அதை ஐயமில்லாமல் சொல்கிறது. பாடலாசிரியர் இரட்டைப் பொருள் கருதினார் என்று எழுதினால் உங்களால் நிறுவ முடியாது. ஒரு வாக்கியத்தில் சுட்டிவிட்டு மோன நிலைக்குப் போய்விடுங்கள்.

கடைசியாக ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை. 1950ஆம் ஆண்டுப் படத்தின் ஃப்ரேம் ஏறக்குறைய நாலுக்கு மூன்று என்ற அளவில் இருக்கும். யூடியூபில் பல பிரதிகளை அகலத் திரைக்காக இழுத்திருப்பார்கள், அல்லது மேலும் கீழும் வெட்டியிருப்பார்கள். வெட்டிய பிரதியை வைத்து ‘தலை ஃப்ரேமுக்கு வெளியே போவது அவளது நிலையைக் காட்டுகிறது’ என்று எழுதினால் அது பதிவேற்றியவர் செய்த வேலையைப் பற்றிய ஆய்வாகிவிடும். முகம் நீண்டோ அகன்றோ தெரிந்தால் வேறு பிரதி தேடுங்கள். எந்தப் பிரதி, மொத்தம் எத்தனை நிமிடம் என்பதையும் எழுதுங்கள். பிரதிக்குப் பிரதி நேரக்குறி மாறும்.


செவ்வாய்ப்பேட்டை:

மூன்றாவதுக்கு வர்றேனுங்க. இந்த வாக்கியத்தையே எடுத்துக்கோங்க. ‘வர்றேனுங்க’ என்பதில் கடைசி ‘ங்க’ என்ன? ‘சேலம் பேச்சுத் தமிழ்’ என்று தலைப்பு வைத்தால் 1500 சொல்லில் சொற்பட்டியல்தான் வரும். ஒரே ஒரு விகுதியை எடுத்தால் கட்டுரை வரும்.

நம்ம பேச்சில் மூன்று ‘ங்க’ இருக்கு. ‘அவங்க’ என்பதில் உள்ளது பன்மையும் மரியாதையும். ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்பதில் உள்ளது ஏவற்பன்மை, ‘வாருங்கள்’ தேய்ந்தது. ‘சரிங்க’, ‘ஏனுங்க’, ‘வந்தேனுங்க’ என்பதில் உள்ளது வேறு. எப்படி வேறு என்று காட்ட ‘வந்தேனுங்க’ போதும். ‘வந்தேன்’ தன்மை ஒருமை. வந்தது நான் ஒருத்தன், அதில் பன்மைக்கு இடமே இல்லை. அப்போ அந்த ‘ங்க’ வந்தவனைக் குறிக்கலை, கேட்பவரைக் குறிக்குது. இந்த ஒரு சோதனையை வைத்து நீங்கள் சேர்த்த வாக்கியங்களை எல்லாம் பிரித்துவிடலாம்.

கேள்வி இப்படி இருக்கட்டும்: கேட்பவரைச் சுட்டும் ‘ங்க’ எந்த இடத்தில் வருது, எந்த இடத்தில் விடுபடுது? எல்லாரும் செய்யும் பிழை, வந்த இடத்தை மட்டும் எண்ணுவது. வந்திருக்கலாம், ஆனால் வரலை என்ற இடத்தையும் எண்ணணும். ஒருத்தர் பத்து வாக்கியம் பேசி ஆறில் ‘ங்க’ போட்டிருந்தால், விட்ட நாலும் உங்களுக்குச் சான்று. விலை பேசும்போது போட்டவர் கோபத்தில் விட்டாரா, அவசரத்தில் விட்டாரா, ஒரே மூச்சில் நாலு வாக்கியம் சொல்லும்போது கடைசியில் மட்டும் போட்டாரா என்று பார்க்கலாம்.

பதிவு அரைமணி நேரம் போதும். அதிலும் தெளிவான பத்து நிமிடத்தை மட்டும் எழுத்தாக்குங்க. பத்து நிமிடப் பேச்சை எழுத ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும், இருவர் குறுக்கே பேசினால் இன்னும் கூடும். லீ பஜார் மாதிரி இடத்தில் லாரி ஹாரனும் மூட்டை இறக்கும் சத்தமும் பேச்சை விழுங்கிடும். சின்ன மளிகைக்கடை, தையல்கடை, மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்த நேரம் நல்லது. செல்பேசியைப் பேசுபவருக்கு ஒரு முழத்துக்குள் வையுங்க, துணி மேலே வைத்தால் மேசை அதிர்வு வராது. பதிவு செய்வதற்கு முன்பே அனுமதி கேட்கணும், கட்டுரையில் பெயர் போடக் கூடாது, ‘பேசுநர் 1, ஐம்பது வயதுக்கு மேல், கடைக்காரர்’ போதும். முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் மேடைத் தமிழ் பேசுவாங்க, அந்தப் பகுதியைக் கணக்கில் சேர்க்காதீங்க.

எழுதும்போது கை தானாகவே திருத்தும். அவர் ‘வர்றேனுங்க’ என்றால் ‘வருகிறேன்ங்க’ என்று எழுதிடுவோம். எழுதியதை மறுநாள் பதிவோடு வைத்துத் திரும்பக் கேளுங்க. வீட்டில் என்ன மொழி என்பதற்கு ஒரு கட்டம் போடுங்க. சேலத்தில் இது முக்கியம். சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம் வீட்டில் பேசுபவர் கடையில் தமிழ் பேசுறார், அவருடைய ‘ங்க’வும் உங்கள் தரவுதான்.

முடிவில் ஒன்றே ஒன்றைச் செய்யாதீங்க. ‘இதனால் சேலம் மக்கள் மரியாதை மிக்கவர்கள் என்பது புலனாகிறது’ என்று எழுதாதீங்க. விகுதி குணத்தை அளக்காது. ‘ங்க’ போட்டே கடனைக் கறாராகத் திருப்பிக் கேட்பதும் உண்டு. யார் யாரிடம் எப்போது என்பதோடு நிறுத்துங்க.

பதிவு செய்ய வாய்க்கவில்லை என்றால் ஒரு ஊர்ப்பெயரை எடுக்கலாம். ஏற்காடு என்றால் ஏரி + காடு என்று எல்லாரும் சொல்வாங்க. ஏரியும் காடும் சேர்ந்தால் விதிப்படி ‘ஏரிக்காடு’. இகரம் பேச்சில் தேய்ந்தால் ‘ஏர்க்காடு’. நாம் எழுதுவது றகரம் போட்டு ‘ஏற்காடு’. ககரத்துக்கு முன்னால் ர், ற் இரண்டும் நம் வாயில் ஒரே மாதிரி ஒலிக்குது. ஆங்கில எழுத்திலும் அந்த வேறுபாடு தெரியாது. பழைய ஆவணங்களில் இந்தப் பெயரை எப்படி எழுதியிருக்காங்க என்று தேடி, கிடைத்த வடிவங்களை ஆண்டு வரிசையில் அடுக்கினாலே கட்டுரைக்கு எலும்பு கிடைச்சிடும். கிடைத்ததைத் தாண்டி முடிவு சொல்லாதீங்க.


குகை மாணவி:

எல்லாருக்கும் நன்றிங்க. முதல் கட்டுரைக்கு வாதத்தை மாற்றிட்டேன்:

‘குறுந்தொகை 40 காதலரின் கலப்பை உவமையால் மட்டும் சொல்லவில்லை. முதல் இரண்டு அடிகளில் உறவுப்பெயர்களுக்குள்ளேயே இருந்த என், உன் என்ற உடைமை, கடைசி அடியில் நெஞ்சத்துக்கு இல்லை. நெஞ்சங்கள் இரண்டாகவே இருக்க, எது யாருடையது என்பது மட்டும் மறைகிறது. பிரியாமை என்பது பாட்டின் அடியில் இல்லை, கூற்றுக் குறிப்பு கொண்டுவந்தது.’

இரண்டு சந்தேகம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புப் போடணுமா? ‘நான்’ என்று எழுதலாமா, ‘ஆய்வாளர் கருதுகிறார்’ என்று எழுதணுமா?


அஸ்தம்பட்டி தமிழாசிரியை:

இப்ப இது வாதம். கடைசி வாக்கியத்தை மட்டும் தனிப் பத்திக்குத் தள்ளு, தொடக்கத்தில் இரண்டு வாதம் இருந்தால் எது முதன்மை என்று தெரியாது. அது மறுப்புக்கு வைத்த 150 சொல்லில் அழகாக உட்காரும்: ‘கூற்றுக் குறிப்பை ஏற்றால் இப்பாட்டு ஒரு வாக்குறுதி ஆகாதா?’ என்று நீயே கேட்டுப் பதில் சொல்.

பள்ளியில் போட்ட குறிப்புச்சட்டகமும் உள்தலைப்பும் 1500 சொல்லுக்கு வேண்டாம். தலைப்பு போட்டால் பத்திக்கும் பத்திக்கும் நடுவில் பாலம் கட்டும் வேலையைத் தலைப்பு செய்துவிடும், நீ செய்யமாட்டாய். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாக எடுத்து எழுதிப் பார். அவை சேர்ந்து ஒரு சிறு பத்தி போல ஓடினால் கட்டுரை சரியாக இருக்கு. ஓடாத இடத்தில் பத்தி இடம் மாறணும். துறையில் தலைப்பு கட்டாயம் என்றால் மட்டும் போடு.

‘நான்’ என்பதை உன் துறையில் கேட்டுக்கோ, இடத்துக்கு இடம் மாறும். எதுவானாலும் ‘ஆய்வாளர் கருதுகிறார்’ வேண்டாம், யார் அந்த ஆய்வாளர் என்று குழப்பும். ‘கடைசி அடி உடைமையை விட்டுவிடுகிறது’ என்று பாட்டையே எழுவாயாக்கிட்டால் இரண்டுமே தேவைப்படாது.

மூன்று வாரத்தில் பேச்சுப் பதிவை முதல் வாரமே முடிச்சிடு, கடைக்காரர் இன்றைக்கு வேண்டாம் என்றால் மறுநாள் போக நாள் இருக்கணும். படத்தின் அட்டவணை இரண்டாவது வாரம். கடைசி மூன்று நாள் திருத்தத்துக்கு மட்டும். டிடிபி கடையில் அடிச்சு வாங்கினால் யூனிகோடில் அடிக்கச் சொல், பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடிச்ச கோப்பு மின்னஞ்சலில் போனால் வேறு கணினியில் குப்பையாகத் தெரியும். பிடிஎஃப் ஆக்கிய பிறகு குறுந்தொகை அடிகளைக் கையால் எழுதினியே, அந்தத் தாளோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடு. ‘பெயனீர்’ என்பது ‘பெயர்நீர்’ என்று அச்சாகி வந்த கட்டுரையும் உண்டு.